செண்பகவல்லியின் கட்டைச் சோளம்

வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறவர்கள் செண்பகவல்லியின் பெயருக்கு நேரே ‘கூலி’ என்று எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவள் செடி அளக்கிறவள். பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். நாகலாபுரத்துக்கு மேற்கே ஆறு ஏக்கர் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்து, வானத்துத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சோளம் எவ்வளவு விளையும் என்று பார்க்கிற ஒரு திட்டம் நடக்கிறது. அதில் நான் அளவு எழுதுகிறவன். பெயர் லிங்கராஜ். கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, உடைமரத்து நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எண்களை எழுதுவேன். வெயிலில் நிற்கிறவள் அவள், சம்பளம் கூடுதலாக வாங்குகிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்களுக்கு வந்த தாள்களே வேடிக்கையானவை. வடக்கே யாரோ கோதுமைக்காகத் தயாரித்தவை அவை. தலைப்பில் ‘கோதுமை’ என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு ‘சோளம்’ என்று எழுதி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். விதைத்து எத்தனையாவது நாளில் பூக்கிறது, உயரம் என்ன, கதிருக்குக் கீழே இருக்கிற கண்ணாடி இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது, அந்த இலைக்கும் கதிருக்கும் நடுவே காம்பு எத்தனை சென்டிமீட்டர், கதிரில் எத்தனை மணி, நூறு மணி என்ன எடை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். முதல் வருஷம் நான் சிரித்தேன். பிறகு பார்த்தால், தண்ணீர் போதாத இடத்தில் கோதுமைக்கும் சோளத்துக்கும் ஒரே விதிதான். மழை நின்ற பிறகு மண்ணுக்குள் மிச்சம் இருக்கிற ஈரம் இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருக்கிறது. அதைத் தண்டுக்கும் இலைக்கும் செலவழித்துவிட்ட செடி, மணி பிடிக்கிற நேரத்தில் கையை விரித்துவிடும். சீக்கிரம் பூத்து, உயரம் போகாமல் நின்று, மேலிலையைக் கடைசிவரை காயவிடாமல் வைத்திருக்கிற செடி நாலு மணியாவது தரும். அறிக்கைகளில் இதற்கு முப்பது பக்கம் எழுதுவார்கள்.

செண்பகவல்லி அந்த முப்பது பக்கத்தைப் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மூன்றாவது வருஷத்திலேயே, டேப்பைக் கையில் எடுக்கும் முன்பு ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இருவத்தேழாம் வரிசை தேறாது, எழுதிக்கிடுங்க” என்பாள்.

“அளந்துட்டுச் சொல்லு செல்லி. நீ சொன்னதை எழுதுறதுக்கா எனக்குச் சம்பளம் தாராங்க” என்பேன். அவளை நான் செல்லி என்றுதான் கூப்பிடுவேன்.

அளப்பாள். அவள் சொன்னதுதான் வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவள் புருஷன் நந்தகோபால் ஆட்டுக்காரக் குடும்பம். அவன் அப்பா காலத்தில் முன்னூறு செம்மறிகளைக் கிடை போட்டு ஊர் ஊராகப் போனவர்கள். இப்போது முப்பத்தாறு செம்மறி, இரண்டு பசு, மூன்று இடத்தில் கிடக்கிற மூன்று ஏக்கர் புஞ்சை என்று ஆகிவிட்டது. நந்தகோபால் நல்ல உழைப்பாளி, வம்புதும்புக்குப் போகாதவன். ஒரு ஆட்டின் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, இது அடுத்த கோடையைத் தாண்டுமா தாண்டாதா என்று சொல்லிவிடுவான். அவன் சோளம் விதைப்பதே மாட்டுத் தீவனமாகிற தட்டைக்காக. ஆள் உள்ளே போனால் தலை தெரியாத உயரத்துக்கு வளர்கிற சோளம் அவர்களுடையது. அறுவடைக்கு முன்னால் காட்டைச் சுற்றி வந்து, உயரமாகவும் தடியாகவும் இருக்கிற தட்டைகளாகப் பார்த்து, அதிலிருந்து விதைக்கதிர் எடுப்பான். அவன் அப்பாவும் அப்படித்தான் எடுத்தார். மாட்டையும் ஆட்டையும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மணி என்பது மேலே கிடைக்கிற லாபம்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை பிறந்ததோடு மழை நின்றுபோனது. அவர்களுடைய நெட்டைச் சோளம் முழுக்கப் பொதியிலேயே நின்று, கதிர் வெளியே வராமல் காய்ந்தது. அந்தக் காட்டுக்குள் இடுப்பு உயரத்தில் ஏழு செடிகள் மட்டும் கதிர் நிறைய மணியோடு நின்றன. எங்கிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. நந்தகோபால் பார்த்திருந்தால் சவலை என்று பிடுங்கிப் போட்டிருப்பான். செண்பகவல்லி பார்த்தாள். ஏழு கதிரையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் வரப்போரத்தில் இரண்டு வரிசை போட்டாள். அதற்கடுத்த வருஷம் ஐந்து வரிசை. மகள் இந்துஜாவின் பழைய நோட்டு ஒன்றில், எங்கள் தாளில் இருக்கிற அதே கட்டங்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பூத்த நாள், உயரம், காம்பு, மணி, எடை எல்லாம் எழுதினாள். நூறு மணி எடை போடுவதற்கு மட்டும் எங்கள் தராசுக்கு வருவாள். “ரெண்டு நிமிசம் அண்ணாச்சி” என்பாள். கலந்துபோனதையும் நெட்டையாகத் திரும்பியதையும் ஒவ்வொரு வருஷமும் கழித்தாள். ஐந்தாவது வருஷம் முடிவில் பதினைந்து கிலோ விதை சேர்ந்தது. அறுபத்தைந்து நாளில் பூக்கும், தொண்ணூறு நாளில் அறுக்கலாம். அதற்கு அவள் வைத்த பெயர் கட்டைச் சோளம். அவள் சொத்து என்று நான் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

போன புரட்டாசியில் வீட்டில் பெரிய சண்டை போட்டு, மூன்று ஏக்கரிலும் கட்டைச் சோளம்தான் என்று சம்மதம் வாங்கினாள். மழைக்கு முன்னாடியே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பத்து கிலோவை விதைத்தார்கள். ஐந்து கிலோவை எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஒரு தூறல் விழுந்தது. முளைக்கும் அளவுக்கு விழுந்தது, பிழைக்கும் அளவுக்கு விழவில்லை. இருபது நாள் வெயிலில் முளைத்தது எல்லாம் சருகாகிப் போனது. அப்போது அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

ஐப்பசி இருபதுக்கு மேல் நல்ல மழை பெய்தது. மறுபடி விதைத்தே ஆக வேண்டும். கையில் இருந்தது ஐந்து கிலோ. நந்தகோபாலிடம் அவனுடைய நெட்டை விதை பத்து கிலோ இருந்தது. ஒரு துண்டில் கட்டையை மட்டும் தனியாகப் போடலாம் என்றாள். அவன், மூன்று துண்டும் மூன்று இடத்தில் கிடக்கின்றன, எந்தத் துண்டில் மழை விழும் எதில் விழாது என்று யார் கண்டது, ஒன்றில் மட்டும் போட்டு அது காய்ந்தால் என்ன செய்வாய் என்றான். அவன் சொன்னது நியாயம். எங்கள் ஊர் மழை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்து இந்தப் பக்கம் பெய்யாது. அதனால் இரண்டையும் கலந்து மூன்று துண்டிலும் விதைத்தார்கள். விதைப்பெட்டியில் மணியோடு வீடு திரும்பக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பிடியையும் கரிசலில் வீசிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு வந்தார்கள். ஆறு வருஷக் கட்டைச் சோளம் முழுவதும் இப்போது மண்ணுக்குள் இருந்தது. வீட்டில் ஒரு மணி இல்லை.

கார்த்திகையில் இரண்டு மழை கிடைத்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. மார்கழி முழுக்கப் பனிதான். இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வரும்போது கரிசல் பிளக்கத் தொடங்கியிருந்தது. காலை நுழைத்தால் கணுக்கால்வரை போகிற பிளவு. எங்கள் சோதனை வரிசைகளிலேயே இலைகள் மத்தியானத்தில் பாய்போலச் சுருண்டுகொண்டன. செண்பகவல்லி அளவு சொல்லும்போது குரலில் சுரத்தே இல்லை.

“அண்ணாச்சி, நம்ம காட்டுல செடி நெருக்கமா நிக்கி. பாதிய அறுத்துட்டா மிச்சப் பாதி தேறும்லா?”

“தேறும். இருக்கிற ஈரத்துக்கு ஆள் கொறைச்சல் ஆகும். செய்” என்றேன்.

“அவியகிட்டயும் சொல்லிட்டேன். ஆட்டுக்கும் தீவனம் ஆச்சுன்னு சரின்னுட்டாவ. கட்டை எது நெட்டை எதுன்னு பொதி பிரியட்டும், அப்பத்தான் தப்பாம அறுக்க முடியும்னு பாக்குதேன்.”

மார்கழி கடைசி வாரத்தில் கட்டைச் சோளம் பூத்தது. அறுபத்தி நாலாம் நாள். நெட்டை இன்னும் பொதிகூடக் கட்டவில்லை. அந்த வறட்சியிலும் கட்டையின் கதிர்கள் காம்பை நீட்டி முழுதாக வெளியே வந்துவிட்டன. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. போகியன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நெட்டையை அறுக்கத் தொடங்குவதாக அவளுக்குத் திட்டம்.

போகி என்றாலும் எங்களுக்கு லீவு கிடையாது. பூக்கிற தேதியைப் பண்டிகைக்காக நிறுத்திவைக்க முடியுமா. அன்று பஸ் கூட்டமாக இருக்கும் என்று நான் பைக்கில் வந்திருந்தேன். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அவளைக் காட்டில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று கூட்டிப் போனேன்.

ரோட்டோரத் துண்டில் நந்தகோபால் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தான். கூடப் பங்காளிகள் மூன்று பேர் பன்னரிவாளைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வரப்பு நெடுகப் பச்சைக் கட்டுகள் கிடந்தன.

“வாங்க அண்ணாச்சி” என்றான் என்னைப் பார்த்து. பிறகு அவளிடம், “ஏட்டி, மூணு துண்டும் முடிஞ்சுட்டு. பண்டிகை நேரத்துல நீ வேற வந்து கஷ்டப்பட வேண்டாம்னு விடியக்காலமே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன். பாதின்னு சொன்னியா, சரியாப் பாதி. வெயில்ல நல்லா வாடட்டும், மாட்டுப் பொங்கலுக்கு எல்லாத்துக்கும் வயிறாறப் போட்டுருவோம்” என்றான்.

அவன் சந்தோஷமாகச் சொன்னான். பெண்டாட்டிக்கு ஒரு நல்லது செய்த சந்தோஷம்.

செண்பகவல்லி காட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நின்றது முழுவதும் நெட்டை.

“வாட்டசாட்டமா நிக்கதையெல்லாம் விட்டிருக்கேன். சவலைய பூராம் கழிச்சாச்சு. உள்ளுக்குள்ள மறைஞ்சு கெடந்ததைக்கூட விடலை, குனிஞ்சு குனிஞ்சு பாத்து எடுத்தோம்” என்றான் அவன்.

அவள் ஒரு கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். கை முழுக்க மஞ்சள் மகரந்தம் ஒட்டியது. பூத்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மணி என்று ஒன்றும் அதற்குள் வந்திருக்காது. இன்னொரு கதிரை எடுத்தாள். பிறகு இன்னொரு கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னட்டி தேடுத?”

“எந்தப் பாதின்னு நீங்க ஏங்கிட்டக் கேக்கலையே.”

“இதுல கேக்க என்ன இருக்கு?” என்றான் நந்தகோபால். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. “தீவனம் கொறைஞ்ச வருசம் மந்தையில என்ன செய்வோம்? நோஞ்சானை முதல்ல கழிப்போம். நல்ல மறிய வெச்சுக்கிடுவோம். அது பொழைச்சுக் கெடந்து குட்டி போடும். இது இடுப்பு ஒசரம்கூட இல்ல.”

மந்தைக்கு அது சரி. வறண்ட வருஷத்தில் சதைப்பிடிப்பான ஆடுதான் தாக்குப்பிடிக்கும், ஒட்டிக்கிடக்கிறது எப்படியும் போய்விடும். பரம்பரை பரம்பரையாக அதைச் செய்து பிழைத்த குடும்பம். சோளத்தில் அது நேர்மாறு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவள் விதைக்கு அவன் சம்மதித்ததே சண்டை ஓயட்டும் என்றுதான், கட்டை ஏன் கட்டையாக நிற்கிறது என்று கேட்டதும் இல்லை. ‘பாதி’ என்ற சொல்லை இருவரும் பத்து நாளாகப் பேசியிருக்கிறார்கள். எந்தப் பாதி என்பது இரண்டு பேருக்கும் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது, அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நான் மட்டும் சொன்னேனா? “செய்” என்று சொன்னதோடு என் வேலை முடிந்தது.

செண்பகவல்லி அழவில்லை. மூன்று துண்டையும் நடந்து பார்த்தாள். அங்கங்கே விட்டுப்போன கட்டைச் செடி ஏழெட்டு இருந்தது, கட்டுகளை இழுத்து வந்ததில் எல்லாம் ஒடிந்து மடங்கிக் கிடந்தது. வெட்டிய கட்டுகளை அவள் அன்றைக்கு வீட்டுக்குத் தூக்க விடவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பைக்கைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டயபுரத்தில் நிறுத்தி ஒரு டீ வாங்கி, அதைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனேன்.

பொங்கல் முடிந்து வேலைக்கு வந்தவள் என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள். “அறுத்த கட்டையிலேருந்து மறுபடி துளுக்கும்லா அண்ணாச்சி?”

துளிர்க்கும். சோளத்துக்கு அந்தக் குணம் உண்டு. அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருந்தால் பக்கவாட்டில் குருத்து விடும். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். பக்கத்தில் நெட்டை நின்றால் மிச்ச ஈரத்தையும் அதுதான் குடிக்கும். நான் இதைச் சொல்லிமுடிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று நாளில் நெட்டை முழுவதையும் அறுத்தார்கள். மூன்று ஏக்கரில் நின்ற பச்சை மொத்தமும் போனது. நந்தகோபால் தன் வீட்டு விதையைத் தானே வெட்டிச் சாய்த்தான். ரோட்டில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஊரில் அவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே பேச்சு. நான் போய்ப் பார்த்தபோது வெடித்த கரிசலில் முழுக்க வெறும் அடிக்கட்டைகள்தான் தெரிந்தன. கட்டைச் சோளத்தின் அடிக்கட்டை மெலிசாக இருக்கும். அப்படிப்பட்டவற்றுக்குப் பக்கத்தில் அவள் பழைய சேலைக் கிழிசலைக் குச்சியில் கட்டி நட்டுக்கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் குருத்துகள் வந்தன. ரோட்டோரத் துண்டில் மட்டும்தான், அறுபத்தி மூன்று. அவள் எண்ணியிருந்தாள். விரல் நீளத்துக்குப் பச்சையாக, நல்ல துடிப்பான குருத்து. அந்த வெட்டவெளியில் அதைப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

சோளத்தின் இளங்குருத்தை ஆடு மாடு மேய்ந்தால் நஞ்சு. ஆட்டுக்காரர்களுக்கு அது பால்குடியிலேயே தெரியும். முப்பத்தாறு ஆட்டையும் ஒரு பங்காளியிடம் ஒப்படைத்துக் குளத்தூர்ப் பக்கம் ஓட்டிவிட்டான் நந்தகோபால். ஆடு கண்ணில் படாமல் அவன் ஒரு நாள் இருந்து நான் பார்த்ததில்லை. கையில் கம்பு இல்லாமல், என்ன செய்வது என்று தெரியாமல், வரப்பில் உட்கார்ந்திருப்பான். பிறகு தண்ணீர் சுமக்க ஆரம்பித்தான். பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அது ஆகாது. ஆறு நாளைக்கு ஒரு தடவை வருகிற குடிதண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்று, மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டி எடுத்து வருவான். குருத்துக்கு ஒரு செம்பு. வீட்டில் குடிக்க என்ன வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுத் திரும்பிக்கொள்வாளாம். இந்துஜா போன் பண்ணி என்னிடம் சொன்னாள், “மாமா, நீங்களாவது அம்மாகிட்டச் சொல்லுங்க, அப்பா சரியாச் சாப்பிட மாட்டேங்காவ.” காட்டில் நந்தகோபால் ஒரு தடவை அவளுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னான்.

“மந்தையில அப்படித்தான் அண்ணாச்சி செய்வோம். வேற ஒண்ணும் நெனைக்கலை நான்.”

செண்பகவல்லி குனிந்து குருத்தை அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தை இருபத்தி மூன்றாம் தேதி காலையில் போன் பண்ணினாள். “அண்ணாச்சி, நடுக்குருத்து வாடுது. வந்து பாக்குதியளா?” போனேன். ஒரு குருத்தின் நடு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் வாடை. குருத்து ஈ. அறுத்துத் துளிர்த்த சோளத்தை அது சும்மா விடாது. சுற்றுவட்டாரத்தில் வேறு இளம் பச்சையே இல்லாத நேரத்தில் அத்தனை ஈயும் இந்த அறுபத்தி மூன்றைத் தேடி வந்திருந்தது. எங்கள் கொட்டகையில் இருந்த மருந்தை ஓடிப் போய் எடுத்துவந்து நானே அடித்தேன். புழு உள்ளே போன பிறகு அடித்து என்ன பயன். இருபத்தாறாம் தேதி முப்பது இருந்தது. மாசி பிறந்தபோது நாலு. அந்த நாலுக்கும் நந்தகோபால் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்று சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கதிரைத் தள்ளியது, பூக்காமலே வெளுத்தது. பிறகு நாலும் காய்ந்தன.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். செண்பகவல்லி சேலைக் கிழிசல் கட்டிய குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நந்தகோபால் இரண்டு கேன் தண்ணீரோடு மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றான். யாருக்கு ஊற்றுவது என்று தெரியவில்லை. கேன்களை இறக்காமலே திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். எனக்கு அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. எங்கள் வரிசைகளில் அறுவடை முடிந்து கதிர்கள் சாக்கில் கிடந்தன. நூறு நூறாக மணி எண்ணி எடை போட வேண்டும். அவளைப் போல எண்ண ஆள் கிடையாது. நானே எண்ணிப் பார்த்தேன், நாலு தட்டில் மூன்று தப்பு.

ஒன்பதாம் நாள் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. டிபன் தூக்கை ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணும் தட்டை எடுக்காமல், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். குரலில் ஒரு அவசரம் இருந்தது, வழியெல்லாம் ஓடிவந்தவள் மாதிரி.

“அண்ணாச்சி, நேத்துத்தான் நெனப்பு வந்துச்சு. எப்படித்தான் மறந்தேனோ. மூணு வருசத்துக்கு முன்ன, ஆடி மாசம், நம்ம கட்டைச் சோளத்துல ஐநூறு மணி எண்ணி ஒரு கவர்ல போட்டு ஒங்ககிட்டத் தந்தேம்லா. ஓரமா ஒரு வரிசை போட்டுப் பாருங்கன்னு. நீங்ககூட மேசைக்குள்ள வெச்சீங்க. அது இருக்கும்லா?”

எனக்கு அது மறக்கவில்லை. போகியன்றே ஞாபகம் வந்துவிட்டது. எட்டயபுரத்தில் டீயைக் குடிக்காமல் வைத்தது அதனால்தான். அவள் மறந்தே போயிருக்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாகச் சாமியைக் கும்பிட்டேன்.

மேசையின் மூன்று அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டே காகிதங்களைப் புரட்டினேன். பழைய ரப்பர் ஸ்டாம்பு, காய்ந்த பேனாக்கள், பஸ் பாஸ். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். மூன்றாவது அறையை மூடியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

“செல்லி, அது இல்ல” என்றேன். “போன வருசம் மேலதிகாரிங்க பாக்க வாராங்கன்னு கொட்டகையை ஒதுங்க வெச்சோம்லா. அன்னிக்கு மேசையைக் காலி பண்ணினேன். அந்த மணியை வெளியில மைனாவுக்கு வீசிட்டேன்.”

“வண்டு விழுந்து போச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள்.

“இல்ல” என்றேன். “நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த உறை எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே அவளுடைய குண்டு எழுத்தில், எங்கள் தாளின் வரிசைப்படி, பூத்த நாள், உயரம், காம்பு நீளம், நூறு மணி எடை. பதிவு எண் இல்லாத விதையைத் திட்டத்தில் போடக் கூடாது என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அது விதிதான். ஆனால் வரப்போரம் ஒரு வரிசை போட்டால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். குனிந்து போட வேண்டும், களை எடுக்க வேண்டும். சோம்பல். அந்த எண்களைப் படித்துப் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் அறைக்குள் போட்டேன்.

“எங்க வீட்டு அவியளுக்கு எந்தப் பாதி மணி பிடிக்கும்னு தெரியாது. தெரியாம அறுத்துட்டாவ” என்றாள் செண்பகவல்லி. மெதுவாகத்தான் சொன்னாள். “ஒன்றரை மாசமா அந்த மனுசன் மூஞ்சியப் பாக்காமச் சோறு போட்டிருக்கேன்.”

நான் எண்ணும் தட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?”

“தெரியும்” என்றேன்.